அந்த "அதிசய மீன்" படத்தைக் கொஞ்சம் எடுத்துடுங்க சாமி

மார்கழி வந்தா போதும், நம்ம பதிவர் வட்டத்துல ரெண்டு விதமான பதிவு கட்டாயம் வரும். ஒண்ணு, எந்த சபா கேன்டீன்ல ரவா தோசை நல்லா இருக்குன்னு. இன்னொண்ணு, "ஏரியில் சிக்கிய அதிசய மீன்!" படத்தோட. முதலாவதைப் பத்தி எனக்குப் புகார் இல்லை (பெரம்பூர்ல இருந்து மயிலாப்பூர் போய் தோசை சாப்பிடற பொறுமை எனக்குக் கிடையாது, அவ்ளோதான்). ரெண்டாவதைப் பத்தி மூணு வருஷமா வயிறு எரிஞ்சுகிட்டு இருக்கேன். இன்னிக்குக் கொட்டிடறேன். திட்டணும்னு நினைக்கறவங்க முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

முதல்ல ஒரு விஷயம். வட சென்னைன்னா துறைமுகம், எண்ணூர் புகைபோக்கி, ஐ.சி.எஃப், பின்னி மில் இவ்வளவுதான்னு நினைக்கற தென் சென்னை நண்பர்களுக்கு: எங்க பக்கம் ஏரி உண்டு. புழல், சோழவரம், கொரட்டூர், மாதவரம், ரெட்டேரி. புழல் மட்டும் நிறைஞ்சா 3.3 டிஎம்சி. அது நீங்களும் நானும் குடிக்கற தண்ணி, அங்க தூண்டிலோட போனா காவலாளி துரத்துவார், துரத்தறது நியாயம்தான். பெரம்பூர்ல இருந்து பேப்பர் மில்ஸ் ரோட்டைப் பிடிச்சா கால் மணி நேரத்துல ரெட்டேரி. வாரம் பூரா ஏசி ரூம்ல பக் ஃபிக்ஸ் பண்ற என் மாதிரி ஆளுக்கு அதுதான் கொடைக்கானல்.

குளிர்காலம்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. இருபது டிகிரிக்கே நாம குல்லா போடற ஜாதி. ஆனா மீன் பிடிக்கறவனுக்கு அது தனி சீசன். ஐப்பசி கார்த்திகை மழையில ஏரி நிரம்பி, கலங்கல் வழியா வழிஞ்சு, சேறு அடியில உக்கார ஆரம்பிச்சிருக்கும். புல் முளைச்ச கரையோரம் எல்லாம் ரெண்டு அடி தண்ணிக்குள்ள. விரால், தேளி, கெளுத்தி, கெண்டை எல்லாம் அந்தப் புல்லுக்குள்ள சுத்தும். பெரிய ராடு தேவையே இல்லை. என்கிட்ட இருக்கறது ஆறடி அல்ட்ரா லைட் ராடு, ஆயிரம் சைஸ் ரீல், நாலு பவுண்டு நரம்பு. உள்ளங்கை சைஸ் ஜிலேபி மாட்டினா கூட ராடு வில்லா வளையும். அந்த சுகம் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்.

இந்த மெல்லிசு நரம்புல இன்னொரு சுகம், கீழே என்ன மாட்டியிருக்குன்னு தெரியாம இழுக்கறது. அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து போறேன். ஆக, "எதிர்பாராத மீன்" மேல எனக்கு விரோதம் கிடையாது. பனையேறி மாட்டட்டும், நானே துள்ளிக் குதிப்பேன். அதோட கதையே அதிசயம். தரங்கம்பாடியில டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் அதிகாரி, 1791-ல இந்த மீன் ஒரு பனைமரத்துல ஏறினதை நேர்ல பார்த்தேன்னு லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார், அது 1797-ல அச்சுல வந்தது. மரம் ஏறுச்சோ இல்லையோ, மழை நாள்ல செவுள் மூடியை ஊனி ஊனி ஒரு குட்டையில இருந்து இன்னொரு குட்டைக்குத் தரையில நடந்து போகும். இது நம்ம ஊர் அதிசயம்.

நீங்க படம் போடறது அது இல்லையே!

நீங்க போடறது என்ன? கறுப்பா, உடம்பு பூரா எலும்புத் தகடு, பாய்மரம் மாதிரி முதுகுத் துடுப்பு, அடியில ஒட்டுற வாய், தோல் மேல சிறுத்தைப் புள்ளி. "டைனோசர் காலத்து மீனா?"ன்னு தலைப்பு. டைனோசரும் இல்லை ஒண்ணும் இல்லை. கொளத்தூர்ல எந்தக் கடைக்குப் போனாலும் ரெண்டு இன்ச் சைஸ்ல பாலிதீன் பையில போட்டுத் தர்ற டேங்க் கிளீனர். சக்கர் மீன். சொந்த ஊர் தென் அமெரிக்கா. உங்க கண்ணாடித் தொட்டியில பாசியைத் தின்னும்னு சொல்லி விப்பாங்க. தின்னும், ஆனா அதை விட அதிகமா கழியும், அதைச் சொல்ல மாட்டாங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள முழ நீளம் வளர்ந்து தொட்டியில திரும்ப இடம் இல்லாம நிக்கும். அப்போ வீட்டுல என்ன முடிவு எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். ஏன்னா 2015-ல இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பினப்ப என் தொட்டியில ரெண்டு டேங்க் கிளீனர் இருந்துச்சு. அம்மா, "நீ போயிட்டா யார்றா தண்ணி மாத்துவா, ஏரியில விட்டுடு, புண்ணியமாப் போகும்"னாங்க. பக்கெட்டுல எடுத்துட்டுப் போய், ரெட்டேரியில, இப்போ நான் தூண்டில் போடற அதே கரையில விட்டேன். கையசைச்சேன் வேற. அந்த வருஷம் டிசம்பர்ல வெள்ளம் வந்து ஏரி, கால்வாய், தெரு எல்லாம் ஒண்ணா ஓடுச்சு. ரெண்டும் எங்கே போச்சோ.

இந்தப் பொங்கல் லீவுல பதில் கிடைச்சுது. காலை ஏழு மணி, பனி. மைதா உருண்டை போட்டு கெண்டைக்குக் காத்திருந்தேன். தக்கை முங்கலை, சும்மா பக்கவாட்டுல நகர்ந்துச்சு. வெட்டி இழுத்தா கல்லு மாதிரி கனம். விரால்னா குதிக்கும், இது சாக்குப்பை மாதிரி அடியோட இழுக்குது. நாலு பவுண்டு நரம்பு அறுந்துடக் கூடாதேன்னு பத்து நிமிஷம் கொஞ்சிக் கொஞ்சிக் கரை சேர்த்தேன். பார்த்தா டேங்க் கிளீனர். முள் வாயில கூட மாட்டலை, பக்கத் துடுப்புல குத்தியிருந்துச்சு. நானும் உங்களை மாதிரியே போனை எடுத்து நாலு படம் எடுத்தேன். எடுத்துட்டு, நல்ல பிள்ளையா திரும்பத் தண்ணியில விட்டேன்.

பக்கத்துல ட்யூப் மேல உக்காந்து வலை இழுத்துட்டு இருந்த பெரியவர் பார்த்துட்டே இருந்தார். "இன்னா தம்பி, எடுத்த, போட்டோ புடிச்ச, மறுபடி உள்ளயே உட்டுட்ட?" ன்னார். "பாவம் அண்ணே"ன்னேன். அவர் வலையைத் தூக்கிக் காட்டினார். தலை போற அளவுக்கு ரெண்டு ஓட்டை. "அது முள்ளு சிக்குனா வலைய அறுத்துத்தான் எடுக்கணும். நாள் பூரா இழுத்தா அரைக் கூடை இதான் வருது. சும்மா குட்த்தாக் கூட யாரும் வாங்க மாட்டான். உனுக்குப் பாவமா இருக்குது, எனுக்கு?"

பதில் இல்லை என்கிட்ட. இப்பவும் இல்லை.

வீட்டுக்கு வந்து தோண்டித் தோண்டிப் படிச்சேன். தண்ணியில காத்து குறைஞ்சா இது மேல வந்து காத்தை விழுங்கி வயித்தாலயே சுவாசிக்குமாம். அதனாலதான் சாக்கடை கலந்த தண்ணியிலயும் ஜாலியா இருக்கு, கரையில போட்டாலும் மணிக்கணக்கில சாகறது இல்லை. கரை மண்ணுல ஒரு கை நீளத்துக்கு வளை தோண்டி, அதுல முட்டை வெச்சு, ஆண் மீன் காவல் இருக்கும். நம்ம ஏரி எல்லாம் மண் கரைங்கறதை நினைச்சுக்கோங்க. தகடு போட்ட உடம்பு, விறைச்சு நிக்கற முள்ளு, பெரிய விரால் கூட இதை முழுங்கத் தயங்கும். மெக்சிகோவுல இன்ஃபியர்னியோன்னு ஒரு அணை. ஜிலேபி மீன் பிடிப்புக்குப் பேர் போன இடம். இந்தச் சக்கர் பெருகினதும் வலையில பெரும்பாலும் இதுதான் வந்து, மீன் பிடிச்சுப் பொழைச்ச குடும்பங்கள் தவிச்சுப் போச்சு. அது ஏதோ வேற நாடுன்னு விட்டுடலாம்னு பார்த்தா, பக்கத்து ஆந்திராவுல மீன் பண்ணைக்காரங்க இதைப் பேய் மீன்னு திட்டிகிட்டு இருக்காங்க. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரள ஆறுகள்ல அமேசான் அராபைமா மாட்டுச்சு. 2023-ல காஷ்மீர் தால் ஏரியைச் சுத்தம் பண்றப்ப முதலை மூக்கோட அலிகேட்டர் கார் வந்துச்சு. எல்லாத்துக்கும் பத்திரிகையில "மர்ம மீன்". மர்மம் என்ன வேண்டிக் கிடக்கு? யாரோ ஒருத்தர் பக்கெட்டோட போயிருக்கார், என்னை மாதிரி.

உடனே "கொளத்தூர்க்காரங்களை மூடச் சொல்லு"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். அவங்களுக்குச் சொல்றேன்: சிமென்ட் தொட்டி கட்டி, ராத்திரி கண் முழிச்சு குஞ்சு வளர்த்து, ஆயிரக்கணக்கான குடும்பம் சோறு சாப்பிடற தொழில் அது. வித்த மீனை ஏரியில விட்டது வாங்கின நாம. இன்னும் சொல்லப் போனா, வெளிநாட்டு மீனைத் தண்ணியில விடறதுக்கு வழிகாட்டினதே சர்க்கார்தான். கொசுவை ஒழிக்க கம்பூசியா 1928-ல இந்தியாவுக்கு வந்துச்சு. அது கொசுப் புழுவோட சேர்த்து நம்ம ஊர் மீன் குஞ்சையும் தின்னுது. ஜிலேபி 1952-ல வந்துச்சு. இன்னிக்கு ரெட்டேரியில பத்து மீன் பிடிச்சா பாதிக்கு மேல அதுதான். ஜிலேபியைத் திங்கவாவது முடியுது, சரி விடுங்க.

"பிரானா" பதிவு எழுதறவங்களுக்குத் தனியா ஒரு கும்பிடு. நீங்க பிடிச்சது பிரானா இல்லைங்க, பாக்கு. அதுவும் தென் அமெரிக்காதான், ஆனா பல்லு மனுசப் பல்லு மாதிரி தட்டையா இருக்கும். மீன் மார்க்கெட்ல ரூப்சந்த்னும் ஏரி வவ்வால்னும் கூவிக் கூவி விக்கறாங்க. நீங்களே போன வாரம் வறுத்துத் தின்னிருப்பீங்க :-)

இப்போ என் உண்மையான சண்டை. அது நம்ம "கேட்ச் அண்ட் ரிலீஸ்" கோஷ்டியோட. பிடிச்ச மீனை முத்தம் கொடுத்துத் திரும்ப விடணும், அதுதான் ஜென்டில்மேன் அழகுன்னு வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கத்துகிட்டோம். நானும் அந்த கோஷ்டிதான். விராலுக்கு அது சரி. ஆத்துல மசீர் பிடிச்சா ரொம்பச் சரி. சக்கருக்கும் அதே மரியாதை பண்றோம் பாருங்க, அதுதான் கூத்து. இதுல இன்னொரு கொடுமை, மழைக்காலத்துல சிவப்பு சிவப்பா குஞ்சுக் கூட்டத்தை மேய்ச்சுகிட்டு இருக்கற விரால் மேல ரப்பர் தவளையை எறிஞ்சு, தாய் தகப்பன் ஆத்திரத்துல கவ்வினதும் "செம ஸ்ட்ரைக்"னு தூக்கிப் பையில போட்டுக்கறவங்களும் நம்ம ஆளுங்கதான். காவல் போன அரை மணியில அந்தக் குஞ்சு எல்லாம் காலி. ஊர் மீனைப் பையில போடறோம், வந்தேறி மீனைக் கும்பிட்டுத் தண்ணியில விடறோம். நல்லா இருக்கு நியாயம்!

"லட்சக்கணக்கில இருக்கு, நான் ஒண்ணைக் கொன்னா ஏரி சுத்தமாயிடுமா?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். ஆகாது. ரெட்டேரியைப் பொறுத்தவரைக்கும் அவர் சொல்றது உண்மை, எனக்கு அதுக்கு மறுப்பு இல்லை. ஆனா நீங்க தூண்டில் போடற எல்லாக் குட்டையும் ரெட்டேரி இல்லையே. செங்குன்றம் தாண்டிப் போனா இன்னும் சக்கர் வராத குளம் இருக்கலாம். அங்க முதல் ஜோடியை விடப் போறது உங்க பதிவுல கைதட்டல் வாங்கின அந்த வீடியோவைப் பார்த்த ஒரு பையனாத்தான் இருப்பான். மீனை விட்டா புண்ணியம்னு அவனுக்குச் சொன்னது நீங்க. எனக்கு அம்மா சொன்ன மாதிரி.

அதனால சக்கர் மாட்டினா திரும்ப விடாதீங்க. அதுக்காகக் கரையில தூக்கிப் போட்டுட்டு வரவும் வேண்டாம். பசங்க அப்படிப் போடறாங்க, வெயில்ல மத்தியானம் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடிகிட்டுக் கிடக்கும், பார்க்கச் சகிக்காது. தலையில ஓங்கி ஒரே அடி. புதைச்சுடுங்க. அமேசான் பக்கம் தகட்டோட சுட்டுச் சாப்பிடறாங்களாம், ஆனா ரெட்டேரித் தண்ணியைப் பார்த்தவன் அந்த விஷப் பரீட்சைக்குப் போக மாட்டான். வீட்டுத் தொட்டியில வளர்ந்துடுச்சா? வாங்கின கடையிலயே திருப்பிக் கொடுங்க, காசு கேக்காதீங்க, பெரும்பாலும் வாங்கிப்பாங்க.

அம்மாகிட்ட இதை எல்லாம் சொன்னேன். "பத்து வருஷம் கழிச்சு என்னைக் குத்தம் சொல்றியா? தொட்டி வேணும்னு அழுதது யாரு?"ன்னு கேட்டுட்டு சீரியல் பார்க்கப் போயிட்டாங்க.

பி.கு: போன ஞாயித்துக்கிழமை அதே கரையில ரெண்டு சக்கர், ஏழு ஜிலேபி, ஒரு பனையேறி. ட்யூப் பெரியவர் தூரத்துல இருந்தே ரெண்டு விரலைக் காட்டி "எங்க?"ன்னு கேட்டார். குழியைக் காட்டினேன். பனையேறி நாலு பவுண்டு நரம்புல ஆடின ஆட்டம் இருக்கே... படம் இல்லை, கை பூரா மைதா.