இரவல் மருந்தில் இனம் பிழைக்குமோ?

கண்ணுக்குத் தெரியாத பகையைக் கண்ணுக்குத் தெரியாத படைகொண்டே வெல்லலாம் என்பதை 2020ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. கொரோனா எனப்பட்ட மகுடை நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர்! அப்பகையை எதிர்க்க அறிவியலாளர் ஆக்கிய கொழுப்புத் துகளும் ஏறக்குறைய அதே அளவினதே.

அத்துகளின் பணி வியக்கத்தக்கது. நச்சுயிரியின் முட்புரதத்தை ஆக்கும் செய்தியைத் தாங்கிய ஆர்.என்.ஏ. இழை மிகமிக மெல்லியது. வெறுமனே உடலிற் செலுத்தினால் விரைவிற் சிதைந்துபோகும். ஆகவே நால்வகைக் கொழுப்புப் பொருள்களால் அதற்கு உறையிட்டனர். அவற்றுள் தலையாயது, உடல்நீரில் மின்னேற்றமின்றி அமைந்திருந்து, உயிரணுவினுள் புளிப்பு மிக்க சிறு பைக்குள் புகுந்ததும் நேர்மின்னேற்றம் பெற்று, இழையை வெளியே விடுவிக்கிறது. உயிரணு அச்செய்திப்படி முட்புரதத்தை ஆக்குகிறது. உடலின் காவற்படை அதனைக் கண்டு பகையின் முகத்தைக் கற்றுக்கொள்கிறது. செய்தியிழையைத் திருத்தி, உடல் ஏற்குமாறு செய்த கத்தலின் கரிக்கோ, துரூ வைசுமன் இருவரும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர்.

அறிவு வென்றது, ஆனால் அவ்வறிவின் பயன் யாருக்குச் சென்றது?

காப்புரிமையைத் தற்காலமாகத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்தோபரில் உலக வணிக அமைப்பிடம் கேட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் சுவிட்சர்லாந்தும் தடுத்துநின்றன. 2022 சூனில் ஒரு முடிவு பிறந்தது. அதுவும் தடுப்பூசிக்கு மட்டுமே, அரைகுறையாக! அதற்குள் எத்தனை எளிய மக்களின் உயிர் போயிற்று! மருந்து இருந்தும் கிட்டாமற் சாவது நோயாற் சாவதினும் கொடிது.

எனினும் கெஞ்சிநில்லாத நிலமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர ஆய்வகம் ஒன்று, மாடர்னா குழுமம் தன் நுட்பத்தைக் கற்பிக்காத நிலையிலும், வெளிப்படையாய்க் கிடைத்த குறிப்புகளைக் கொண்டே அத்தகைய தடுப்பூசியை 2022 தொடக்கத்திற் செய்து காட்டியது. முயன்றால் இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டின் நிலை என்ன? தடுப்பூசியாக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. கிண்டியில் 1899 முதல் கிங் ஆய்வகம் உண்டு. குன்னூரில் 1907 முதல் பாசுச்சர் ஆய்வகம் உண்டு. அக்குன்னூர்க் கூடத்துக்கும் கிண்டியிலுள்ள பி.சி.சி. தடுப்பூசிக் கூடத்துக்கும் உரிய ஆக்க உரிமத்தை 2008 சனவரியில் நடுவணரசு நிறுத்தியது. 2010இலேயே தடை நீங்கியது. குறையிருந்தாற் களைவதன்றோ ஆட்சி? கூடத்தையே முடக்குவதோ? செங்கற்பட்டிலோ 100 ஏக்கர் நிலத்தில் பல நூறு கோடி உருவா செலவிட்டு நடுவணரசு எழுப்பிய தடுப்பூசி வளாகம், 2021இல் மக்கள் மூச்சுக்குத் திணறியபோதும் ஒரு குப்பி மருந்தும் தராமற் கிடந்தது. அதனைக் குத்தகைக்குத் தாருங்கள், தாமே இயக்குவோம் என்று அவ்வாண்டு மே திங்களில் தமிழ்நாட்டரசு எழுதிக் கேட்டது. தன் நிலத்தில் நிற்கும் தொழிற்கூடத்தைத் தில்லியிடம் இரந்து கேட்கும் நிலை ஓர் இனத்துக்கு இழிவன்றோ?

மொழியிலும் அதே புறக்கணிப்பு! தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில் 2021 சூன் தொடக்கத்தில் பிறமொழிகள் பல சேர்ந்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே இடம்பெற்றது. உயிர்காக்கும் செய்தியைத் தாய்மொழியிற் பெறுவதற்கும் போராட வேண்டியிருந்தது.

அடுத்த பெருந்தொற்று வருமுன் தமிழர் செய்யவேண்டுவன மூன்று. மீநுண் அறிவியலைத் தமிழிற் கற்பித்தல். பொது மருந்துக் கூடங்களை மாநில ஆளுகைக்குள் கொணர்தல். மக்கள் வரியில் விளைந்த ஆய்வின் பயனை மக்களுக்கே உரியதாக்கல். தன் நோய்க்குத் தானே மருந்து செய்யும் இனமே தலைநிமிர்ந்து வாழும். இரவல் மருந்துக்குக் கையேந்தும் இனம், கொடுப்பவன் மனமிரங்கும் வரை சாவைச் சுமந்து காத்துக்கிடக்கும்!

தமிழினமே, விழித்தெழு!