லிங்க் குவெரி: சோம்பேறியைத் திட்டாதீங்க!

சி ஷார்ப்பில் லிங்க் எழுதிப் பழகுகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே வசனத்தைப் பேசுவார்கள். "நான் எழுதினது சரிதான், விடைதான் தப்பா வருது. எல்லாம் இந்த லேஸி எக்ஸிகியூஷன் பண்ற வேலை." குவெரி எழுதிய வரியிலேயே ஓடாமல் அப்புறமாக ஓடுகிறதே, அதுதான் வில்லன் என்று தீர்ப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை மக்களே. உண்மையான ஆள் பக்கத்திலேயே நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் கேஸைப் பார்த்துவிடுவோம். டேட்டாபேஸில் ஒரு செலவுப் பதிவேடு. "சென்னை", "வாடகை", "மார்ச்" என்ற மூன்று சொற்களும் விவரத்தில் இருக்கிற பதிவுகள் மட்டும் வேண்டும். ஒரு ஃபார்ஈச் லூப் போட்டு, 'சொல்' என்ற வேரியபிளை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் குவெரியோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறோம். லூப் முடிந்ததும் டூலிஸ்ட் போட்டுத் தொகையைக் கூட்டுகிறோம். 2012க்கு முந்தைய கம்பைலரில் என்ன வரும் தெரியுமா? மார்ச் என்று எழுதியிருக்கிற எல்லாச் செலவும் வரும். மதுரை மின்கட்டணம் உட்பட. கம்பைலர் வாயே திறக்காது. பி.காம்.இல் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று படிக்கிறோமே, அந்த ஜாதி. கூட்டல் சரியாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும்.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, லூப் ஓடும்போது டேட்டாபேஸுக்கு எதுவுமே போவதில்லை. அப்போதைக்குக் குவெரி வெறும் திட்டம்தான். டூலிஸ்ட், கவுன்ட் மாதிரி யாராவது வந்து விடை கேட்டால்தான் எஸ்.க்யூ.எல். ஆகிக் கிளம்பும். இரண்டு, நிபந்தனைக்குள் இருக்கிற லாம்டா "சென்னை" என்ற மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. 'சொல்' என்ற வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. மூன்று நிபந்தனையும் பிடித்திருப்பது ஒரே வேரியபிள். லூப் முடியும்போது அதில் இருப்பது "மார்ச்".

மளிகைக் கடைக் கடன் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "அரிசி 10 கிலோ, விலை 52" என்று எழுதலாம். "அரிசி 10 கிலோ, விலை பலகையில் உள்ளபடி" என்றும் எழுதலாம். இரண்டிலும் பணம் கொடுப்பது மாசக் கடைசியில்தான். அடி விழுவது இரண்டாவதில் மட்டும். அப்படியானால் தாமதமாகக் கொடுத்ததா தப்பு, விலையை எழுதாமல் விட்டதா?

இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் பைத்தான் பக்கம் போய் ஜாங்கோவைப் பாருங்கள். அதன் குவெரிசெட்டும் சோம்பேறிதான், கேட்டால்தான் ஓடும். ஆனால் ஃபில்டரில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்த நிமிடத்து மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். அதே மூன்று சொல் லூப்பை அங்கே எழுதினால் சரியான விடை வரும். சோம்பேறித்தனம் இருக்கிறது, பிழை இல்லை!

டீபக் செய்வது தனிக்கொடுமை. லூப்பின் முதல் சுற்றில் நிறுத்தி, குவெரி மேல் மவுஸை வைத்து ரிசல்ட்ஸ் வியூவை விரித்தால், விஷுவல் ஸ்டூடியோ அந்த இடத்திலேயே குவெரியை ஓட்டிக் காட்டும். அப்போது வேரியபிளில் இருப்பது "சென்னை". ஆக விடையும் சரி. "இதுவரைக்கும் ஒழுங்கா இருக்கே" என்று நம்பி நகர்ந்துவிடுவோம். டாக்டர் வந்தால் மட்டும் ஜுரம் இறங்கிவிடுகிற நோயாளி மாதிரி. எக்ஸெப்ஷன் வந்தாலும் அது குவெரி எழுதிய வரியைக் காட்டாது, விடை கேட்ட வரியைத்தான் காட்டும். அது வேறு ஃபைலில்கூட இருக்கலாம். போகிற எஸ்.க்யூ.எல்.லை அச்சடித்துப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. பழைய லிங்க் டு எஸ்.க்யூ.எல்.லில் லாக் உண்டு. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் 2020இல் வந்த 5.0 முதல் டூகுவெரிஸ்ட்ரிங் இருக்கிறது. மூன்று பாராமீட்டரிலும் "மார்ச்" இருப்பதைப் பார்த்த நிமிடமே கதை புரிந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னால் பெரியவர்கள், "ஸ்பெக்கில் தெளிவா எழுதியிருக்கு, படிக்காதது உன் தப்பு" என்பார்கள். லிங்க் வந்தது 2007இல். அப்போது கம்பைலர் குழுவில் இருந்த எரிக் லிப்பர்ட் 2009இல் இந்த லூப் சிக்கலைப் பற்றி விரிவாக எழுதினார். ஸ்பெக் சொல்கிறபடிதான் மொழி நடக்கிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் 2012இல் சி ஷார்ப் 5.0இல் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று மாற்றினார்கள். பழைய கோடின் அர்த்தமே மாறும் என்று தெரிந்தும் செய்தார்கள். படிக்காதவன் தப்பு மட்டும்தான் என்றால் இதை எதற்கு மாற்ற வேண்டும்?

சரி, புதுசாகப் படிப்பவர்களுக்கு மட்டும் வருகிற பிழையா இது? 2020 பிப்ரவரி கடைசியில் லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. ஒரு சான்றிதழில் பல டொமைன்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்ப்பதற்குப் பதில், ஒரே டொமைனை அத்தனை தடவை சரிபார்த்திருக்கிறது அவர்கள் மென்பொருள். பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். காரணம், டேட்டாபேஸிலிருந்து வந்த பதிவுகளைச் சுற்றிவந்த ஒரு கோ மொழி லூப். லாம்டா அல்ல, பாயின்டர். ஆனால் பிடித்தது அதே லூப் வேரியபிளைத்தான். இதில் வேடிக்கை, அந்த லூப்பில் இருந்த இரண்டு வேரியபிள்களில் ஒன்றுக்குக் கவனமாக நகல் எடுத்திருந்தார்கள். இன்னொன்றுக்கு எடுக்கவில்லை. ஆபத்து தெரிந்தவர்களே வழுக்கிய இடம். கோ மொழியும் கடைசியில் 2024இல் 1.22 பதிப்பில் மாறியது.

என்னைக் கேட்டால் 2014இல் லாம்டா கொண்டுவந்த ஜாவா 8 செய்ததுதான் நேர்மை. மாறுகிற லோக்கல் வேரியபிளை லாம்டாவுக்குள் விடவே விடாது. கம்பைல் ஆகாது, போய் நகல் எடுத்துவிட்டு வா என்று வாசலிலேயே நிறுத்திவிடும். எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். தப்பான மொத்தத்தோடு ரிப்போர்ட் போவதற்கு அது எவ்வளவோ தேவலை.

சி ஷார்ப்பில் ஃபார்ஈச்சுக்கு மட்டும்தான் விமோசனம் கிடைத்தது. சாதாரண ஃபார் லூப்பில் 'ஐ' இன்றைக்கும் ஒரே வேரியபிள்தான். சொற்கள் அடைப்புக்குறிக்குள் ஐ என்று லாம்டாவில் எழுதினால், குவெரி ஓடும்போது ஐ மூன்றாகியிருக்கும். மூன்று சொற்களில் அப்படி ஒரு இடமே கிடையாது, எக்ஸெப்ஷன் வரும். அதாவது கத்தியாவது தொலைக்கும். லூப்புக்கு வெளியே ஒரு தேதி வேரியபிளை வைத்துக் குவெரி எழுதி, நாலு வரி தள்ளி அந்தத் தேதியை மாற்றிவிட்டு, அப்புறம் டூலிஸ்ட் போட்டுப் பாருங்கள். அங்கே யாரும் கத்த மாட்டார்கள்.