பழுது மவுஸில் அல்ல

வட்டகொடையில் என்னிடம் வயர் இல்லாத மவுஸ் வாங்கிய தோட்டத்துப் பிள்ளையொருவர் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். “முதலாளி, மவுஸ் வேலை செய்யுதில்ல.” திறந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் பெட்டரி கசிந்து, கம்பியெல்லாம் துருவேறியிருந்தது. போட்டுக் கொடுத்தவன் நான்தான்!

கார்பன் பெட்டரியின் நாக உறையே கரைந்துதான் மின்சாரம் தருகிறது. உறை ஓட்டையானால் கசியும். அல்கலைனும் தீர்ந்தபின் கிடந்தால் கசியும்தான். ஆனால் அதில் பொதுவாக இரு மடங்கு சக்தி உண்டு. லொஜிடெக் எம்185 மவுஸுக்கு ஒரு ஏஏ அல்கலைன் 12 மாதம் வரை போதும் என்பது கம்பனிக் கணக்கு. அடியிலுள்ள சுவிட்சை அணைத்து வைப்பதும் நல்லது.

இதையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லாமல், மலிவானதைத் திணித்து அனுப்புவது என்ன வியாபாரம்? அந்தப் பிள்ளைக்கு வேறு மவுஸ் கொடுத்தேன், அல்கலைன் போட்டு.