பிஞ்சுப் பாதமும் செஞ்சிக் குன்றும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழி சொல்லிக் கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகின்றான். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. மரக்காணத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பாணன் தன்னந்தனியே நடக்கவில்லை, சுற்றத்தோடு நடக்கின்றான். கடற்கரையில் சுட்ட மீனும், வேலூரில் சூடான புளிச்சோறும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் அவர்களுக்கு விருந்தாகக் கிடைக்கும் என்று புலவர் கூறுகின்றார்.

இப்பகுதியை நம் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கின்றனர். அதே வழியைப் பேருந்தில் உறங்கியபடியே கடக்கின்றனர். அவர்களுக்குப் பின் வரும் பிள்ளைகளோ, கைப்பேசியின் வெளிச்சத்தைத் தவிர வேறு இரவு வெளிச்சம் அறியாதவர்களாய் வளர்கின்றனர்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தையை ஓர் இரவு வெளியே தங்கும் நடைப்பயணத்திற்கு அழைத்துச் செல்லலாமா? கேட்டவுடனே பெரியவர்கள், “பச்சைப் பிள்ளையை மலைக்கா?” என்பார்கள். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின்னரே மலையேற்றத்திற்கு முறையான விதிகள் வகுக்கப்பெற்றன. 2024இல் வனத்துறை 40 வழிகளை வரையறுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆகவே அச்சத்திற்குக் காரணம் உண்டு. எனினும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே என் துணிபு. பயணத்தின் அளவுகோல் தந்தையின் கால் அன்று, குழந்தையின் கால் என்பதை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார்க்கு இதற்கென ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓட வேண்டுவதில்லை. திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டரில் செஞ்சி இருக்கிறது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளைப் பிணைத்து நிற்கும் அக்கோட்டை, 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை ஒன்றாகச் சேர்த்தளித்த அப்பெருமையில், மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரம், படிகள் செங்குத்தானவை. முதன்முதல் ஏறும் குழந்தைக்குக் கிருட்டிணகிரியே ஏற்றது என்பேன்.

இரவில் எங்கே தங்குவது? கோட்டைக்குள் தங்கலாகாது, மாலையில் தொல்லியல் துறையினர் வாயிலை அடைத்துவிடுவர். சுற்றியுள்ள காப்புக்காட்டில் இசைவின்றி நுழைவதும் குற்றம். கூடாரம், அடுப்பு என்று கடைகளில் விற்கும் பொருள்களை வாங்கிக் குவிப்பவர்களைப் பார்க்கிறேன். முதல் இரவுக்கு அவை எவையும் தேவையில்லை. செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் உறவினர், நண்பர், மாணவர் எவரேனும் ஒருவர் நமக்கு இல்லாமற் போவதில்லை. அவர் வீட்டு மொட்டைமாடியோ நெற்களமோ போதும். மாலையில் ஏரிக்கரை வழியாக மூன்று கிலோமீட்டர் நடை, இரவில் வானத்தின் கீழ் உறக்கம், ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் சிற்றுண்டி, கோட்டை வாயில் திறந்தவுடன் குன்றேற்றம், உச்சி வெயிலுக்கு முன் இறக்கம். இவ்வளவே.

தார்ச்சாலை ஓரமாக மட்டும் நடத்திச் செல்லலாகாது. எல்லாரும் பாம்பைப் பற்றியே கேட்கின்றனர். திண்டிவனம் – திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் இருட்டில் வரும் லாரியே குழந்தைக்குப் பெரிய பகை. பாம்புக்கு அஞ்சுவோர் மூடிய செருப்பும் கைவிளக்கும் கொண்டு செல்க. கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்கு விரைதல் ஒன்றே வழி. மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. சித்திரை வெயிலில் அக்கருங்கற்பாறை அடுப்பாகிவிடும். ஐப்பசி மழையில் வழுக்கும். செஞ்சிக் குரங்குகள் கையிலுள்ள பையை உரிமையோடு பறிக்கும். குழந்தை தன் தண்ணீர்ப் புட்டியை மட்டும் சுமக்கட்டும். நாள் குறிக்கும்போது பிறை 10ஐ ஒட்டிக் குறித்தல் நன்று. முன்னிரவில் நிலவொளி கிடைக்கும். பின்னிரவில் நிலவு மறைந்தபின் விழித்த குழந்தைக்கு விண்மீன் கூட்டம் கிடைக்கும்.

மலைவழியில் நடப்பதற்குத் தமிழில் ஒரு கையேடு உண்டெனின் அது மலைபடுகடாமே. செங்கண்மா நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்நூல் 583 அடிகளை உடையது. விலங்குகளுக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைக்காவலர் வீசும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் நீர்நிலைகள் என ஒவ்வொன்றையும் சுட்டி எச்சரிக்கின்றது. இரவில் நடவாமல் கற்குகையில் தங்குங்கள், விடிந்தபின் செல்லுங்கள் என்கின்றது. இவற்றினும் என்னைக் கவர்ந்தது பிறிதோர் இடம். குறவரும் திகைக்கும் குன்றில் வழி தவறினால், மேலும் நடவாது அகன்ற பாறையில் ஒன்றுகூடி நின்று உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். ஒலி கேட்டு மலைவாணர் வந்து உதவுவர் என்கிறார் புலவர். வழி தவறிய குழந்தைக்கு இன்று சாரண ஆசிரியர் சொல்லித்தருவதும் இதுவன்றி வேறில்லை: நில், ஊதலை ஊது. குழந்தையின் கழுத்தில் ஓர் ஊதலைக் கட்டி, அது எதற்கென்று புறப்படுமுன் சொல்லிவிட வேண்டும்.

நடையின் வேகத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. தொழுகையை நீட்டி நடத்த எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னால் குழந்தை அழும் குரல் கேட்டுத் தாயின் தவிப்பை உணர்ந்து தொழுகையைச் சுருக்கினார்கள். ஸஜ்தாவில் இருந்தபோது பேரக்குழந்தை முதுகில் ஏறியமர, அது இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். வணக்கத்தையே குழந்தைக்காகச் சுருக்கவும் நீட்டவும் செய்த தலைவரைப் பின்பற்றுவோர், “உச்சியைத் தொடாமல் இறங்குவதில்லை” என்று ஓர் ஆறு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏறுவது எப்படிப் பொருந்தும்? பாதிப் படியில் எறும்பு வரிசையைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டால் உட்காரட்டும். அழுதால் இறங்கிவிடுக. குன்று அங்கேயேதான் இருக்கும்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். மகனை அழைத்துச் செல்லும் தந்தையரும் மகளை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை, மொத்தம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், ஆணும் பெண்ணும் நடக்கின்றனர். அது யாருடைய நடையின் நினைவு? பாலைவெளியில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தேடிக் குன்றிலிருந்து குன்றுக்கு ஓடிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் நடை. தாயும் மகளும் உடன் வரும் பயணமே, முதல் பயணமாக இருக்கத் தக்கது.

இரவில் சொல்லக் கதை வேண்டுமே என்பார்க்குச் செஞ்சியே கதை தரும். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மடிந்தான் தேசிங்கு. அவன் உயிர்த்தோழன் மகமத்கான், மணக்கோலத்திலிருந்து களத்திற்கு வந்து உடன் மடிந்தான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் பாடுகின்றது. தோழனும் இசுலாமியன்; எதிர்த்து வந்தவனும் இசுலாமியன். அப்படியாயின் அது எந்த மதத்தின் போர் என்று குழந்தை கேட்கும். நம் மேடைகளில் பேசுவோர் பலருக்குத் தோன்றாத கேள்வி அது. இரவு முழுவதும் இருக்கிறது, பொறுமையாக விடை சொல்லலாம். மறுநாள் காலை, வென்ற நவாபு 1717–18இல் இராசகிரியின் அடிவாரத்தில் கட்டிய பள்ளிவாசலையும் அதன் பாரசீகக் கல்வெட்டையும் காட்டலாம்.

நம் தமிழ்த்துறையினர்க்கு ஒரு விண்ணப்பம். இலக்கியச் சுற்றுலா என்றால் பேருந்து அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. அடுத்த தை மாதத்திலேனும் சிறுபாணன் வழியின் கடைசிப் பகுதியை, கிடங்கிலை நோக்கி, ஐந்து கிலோமீட்டர் மட்டும் நடந்து பார்க்கலாம். பேராசிரியப் பெருமக்கள் தத்தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வரட்டும். நண்டுக் கலவைக்கு உறுதி கூற இயலாது. புளிச்சோறு கட்டி வருவதில் தடையில்லை.