பையை மறவாதோர் கிணற்றை மறக்கலாமா?

குரோய்டன் இலண்டன் வீதியிலுள்ள தமிழ்க் கடைகளுக்குத் துணிப்பையோடு செல்லும் பழக்கம் இன்று பலருக்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல் சிறு கடைகளும் பிளாஸ்ரிக் பையொன்றுக்கு 10 பென்ஸ் அறவிட வேண்டும் என்ற சட்டத்துக்கு அதில் பெரும் பங்குண்டு.

ஆனால் இதே குடும்பங்கள் பல, யூலை இறுதியில் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணம் செல்கின்றன. நல்லூர்த் திருவிழாக் காலமும் அதுவே. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கல் தரைக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கின்றது. அம்மழையோ பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கின்றது. ஆக, விருந்தினர் வந்திறங்கும் வேளையில் கிணற்று நீர்மட்டம் தாழ்ந்துகொண்டிருக்கும்.

துலாவால் இறைத்த காலத்தில் நீரின் அருமையைக் கைகள் அறிந்திருந்தன. மோட்டார் அதை அறியாது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீருக்கு அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். விருந்தினர் விமானம் ஏறிவிடுவர். அயலவர் அக்கிணற்றையே நம்பி வாழவேண்டும்.

ஊருக்குப் போகாதீர் என்பது கொடுமை. பேரப்பிள்ளையைக் காணக் காத்திருக்கும் தாய்க்கு விமானப் புகைக் கணக்கு விளங்காது, விளங்கவும் தேவையில்லை. அடிக்கடி பறப்பதைவிட ஒருமுறை சென்று நீண்ட நாள் தங்கலாம். குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பதை விடுத்து வாளியில் அள்ளிக் குளிக்கலாம். மார்கழி விடுமுறையில் செல்ல இயன்றவர்களுக்குக் கிணறு நிறைந்திருக்கும்.