பட்டியலை ஊர் முன் படியுங்கள்

‘பிரதான் மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா’ என்னும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டம் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 96 லட்சம் பயனாளிகளின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் மேல் வங்கிக் கணக்கு எண் இல்லை. அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது அல்லது பூஜ்ஜியங்களால் நிரப்பப்பட்டிருந்தது. எண் இருந்த சில பதிவுகளிலும் ‘1’ என்ற இலக்கமே வரிசையாகத் தட்டப்பட்டிருந்தது. ஒரே புகைப்படம் பல பெயர்களுக்கு ஒட்டப்பட்டிருந்தது. ஆதாரோடு இணைந்த கணக்குக்கே பணம் போவதால் கணக்கு எண்ணைக் கட்டாயமாக்கவில்லை என்றது அமைச்சகம். எண்ணுக்கு அது பதிலாகலாம். முகத்துக்கு என்ன பதில்?

இந்த மோசடியை எல்லோரும் கணினித் திரையில் தேடுகிறோம். அது தொடங்கும் இடம் வேறு. சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருக்கும் மாதங்களில் காவிரி டெல்டாவின் கூலிப் பெண்களுக்கு வயலில் வேலை இல்லை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் சீசனிலேயே வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் வருகிறார். “அக்கா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, பாஸ்புக் ஜெராக்ஸ் ஒண்ணு, போட்டோ ரெண்டு. தையல் கோர்ஸ். எல்லாம் ஃப்ரீ, முடிச்சதும் வேலை கன்ஃபார்ம்.” பெரும்பாலும் அவரும் அதே வட்டாரத்துப் பையன்தான், சம்பளம் கிடையாது, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். எந்த நிறுவனம், எத்தனை மணி நேரம், எந்த ஊரில் வேலை, என்ன சம்பளம் என்று எழுதிய துண்டுச் சீட்டுகூடப் பெண்களின் கைக்கு வருவதில்லை. வேலை திருப்பூரில் என்பதைக் கடைசி வாரத்தில்தான் சொல்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர் அங்கே எப்படிப் போவார்?

பணம் பட்டுவாடா ஆகும் முறையைப் பாருங்கள். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கிடைத்ததும் 50, வேலையில் அமர்த்தினால் 20 என்று நிறுவனத்துக்குத் தவணை. ஒருவருக்கும் வேலை வாங்கித் தராமலே 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டு போகலாம். குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலைக்குப் போனவர்கள் சுமார் 41 சதவீதம்தான் என்கிறது அதே தணிக்கை. நான்காம் கட்டத்தில் வேலை கிடைத்ததா என்று பின்தொடரும் வழக்கமே கைவிடப்பட்டுவிட்டது. இது பெரிய பிழை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள், பயிற்சி முடித்தவரை இரண்டு ஆண்டு பின்தொடர வேண்டும் என்ற விதியோடுதான் இயங்குகின்றன. தஞ்சாவூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அப்படி ஒன்றை நடத்துகிறது. ஒரு வங்கிக்கு முடிவது மற்றவர்களுக்கு ஏன் முடியாது?

பொய் விளம்பரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கோச்சிங் மையங்கள் வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று அளக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. ஆனால் இலவசப் பயிற்சியில் ஏமாந்த பெண் புகாரோடு போனால், இலவசமாகத் தருவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ‘சேவை’ ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அவர் பேரில் அரசு கட்டணம் செலுத்தியிருக்கிறது. அதை நெறிமுறையில் வெளிப்படையாக எழுதி அந்த வாசலை அடைக்க வேண்டும். பிரான்ஸ், குடிமக்களின் தொழிற்பயிற்சிக் கணக்கைக் குறிவைத்து போனிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வலைவீசுவதை 2022 டிசம்பரில் தனிச் சட்டம் போட்டே தடுத்தது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போகும் சிங்கப்பூரிலும் பயிற்சிப் பண மோசடி நடந்தது. அங்கே ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ பயிற்சி நிதியில் ஏறத்தாழ 4 கோடி சிங்கப்பூர் டாலரை, ஒன்பது நிறுவனங்களின் பெயரில் போலி ஆவணம் கொடுத்து ஒரு கும்பல் சுருட்டியது 2017-இல் அம்பலமானது. அவ்வளவு கெடுபிடியான நிர்வாகமே ஏமாந்திருக்கிறது. பயிற்சி மையத்தில் வருகையைப் பதியும் விரல்ரேகைக் கருவியை மட்டும் நம்பி நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

நம்மிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையில் பெயர்ப் பட்டியல் படித்துக் கேட்டுப் பழகிய சபை. அந்த ஊராட்சியில் பயிற்சி பெற்றதாகப் பதிவான ஒவ்வொருவரின் பெயர், பயிற்சி, மையம், வேலை கிடைத்த இடம் அத்தனையும் அங்கே சத்தமாகப் படிக்கப்படட்டும். துபாயில் இருப்பவர் தஞ்சாவூரில் தையல் படித்ததாகப் பதிவாகியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து சொல்வார். சான்றிதழ்த் தவணையில் பாதியை அதுவரை நிறுத்தி வைக்கலாம். ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கமிஷனைத் தடுத்து மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்லலாம். சேரும் அன்றே, வேலை எந்த ஊரில், என்ன கூலிக்கு என்று தமிழில் எழுதி, மையத்தின் முத்திரையோடு ஒரு தாள் அந்தப் பெண்ணிடம் இருக்க வேண்டும். தவணை விதியை மாற்ற டெல்லி வேண்டும். பட்டியலை ஊராட்சிகளுக்கு அனுப்பவும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கவும் மாவட்டத் திறன் குழுவின் தலைவரான ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். வருகிற கிராம சபைக்கு முன்பே அதை அனுப்பலாம்.

- கட்டுரையாளர், ஊரகத் திறன் பயிற்சித் திட்டங்களின் ஆய்வாளர், தஞ்சாவூர்.