வலிக்குதுன்னா நம்புங்க!

ஆபரேஷன் ஆனவங்க, "மாத்திரை போட்டும் வலிக்குது"ன்னு சொன்னா, "சும்மா நடிக்காதே" என்று திட்டுகிறோம். அது தப்பு என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

கோடீன் என்று ஒரு வலி மருந்து. நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மார்ஃபினாக மாற்றினால்தான் வலி குறையும். அந்த நொதிக்கு சி.ஒய்.பி.2டி6 என்று பெயர். பெயரைப் பாருங்களேன்! அதற்கான மரபணு சிலருக்கு வேலையே செய்யாது. அவங்க மாத்திரையை முழுங்கினாலும் வலி அப்படியேதான் இருக்கும். சிலருக்கோ அதே மரபணு கூடுதலாக இருக்கும். மார்ஃபின் மளமளவென்று சேர்ந்து மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவில் டான்சில் ஆபரேஷன் செய்த குழந்தைகள் சிலர் இப்படித்தான் இறந்துபோனார்கள். பாவம். 2013-இல் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்றார்கள். 2017-இல் 12 வயதுக்குக் கீழே யாருக்குமே கூடாது என்றார்கள்.

சரி, பெரியவங்களுக்கு? எச்சிலோ ரத்தமோ கொஞ்சம் எடுத்து மரபணுவைப் பார்த்துவிடலாமே! மரபணு மாறாது, ஒருமுறை பார்த்தால் போதும். ரத்தப் பிரிவு பார்க்காமல் ரத்தம் ஏற்றுகிறார்களா? செலவு ஆகும்தான். ஆனால் எல்லா மாத்திரைக்கும் நான் கேட்கவில்லை. பாரசிட்டமாலுக்கு இது வேண்டாம். கோடீன், டிராமடால் கொடுக்கிறதுக்கு முன்னாடி மட்டும் பாருங்கள் என்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி